குளம் நிறைந்தும் பறவையைக் காணோமே!

கார்த்திகையில் கோவை மாவட்டக் கோதவாடி குளத்துக் கரையில் நிற்பவர்கள், "தண்ணி தளும்புது, ஒரு வாத்தைக்கூடக் காணோமே" என்கிறார்கள். சித்திரையில் அதே கரையில், "இருந்ததெல்லாம் எங்கே போச்சு? செல்போன் டவர்தான் காரணமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் டவரை இழுக்க வேண்டியதில்லை. தண்ணீரின் ஆழத்தையும் மாதத்தையும் கவனித்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஆழம். உள்ளான்களுக்கு (சேற்றில் அலகை நுழைத்துப் புழு தேடும் கரைப்பறவைகள்) கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் உதவாது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் முழுதாக மூழ்காமல் தலையை மட்டும் முக்கி மேய்பவை. முழங்கால் ஆழம் அவற்றுக்குச் சௌகரியம். குளம் முட்ட நிறைந்தால் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் கொண்டாட்டம், மற்றவை வேறு இடம் தேடிப் போகும். தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கி ஓரத்தில் சேறு தெரியும்போதுதான் கூட்டம் சேரும். ஆகவே நிறைந்த குளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு மாதம் கழித்து அதே கரைக்கு வாருங்கள்.

அடுத்தது மாதம். வலசைப் பறவைகள் (பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்பவை) எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் ஓயாத ஆவணியிலேயே உள்ளான்கள் தலைகாட்டும். சூறைக்குருவிகளும் முந்தி வருபவைதாம். சோளக்கதிர் முற்றும் இடத்தில் கூட்டமாக இறங்கும். வாத்துகள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து பங்குனி, சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும். கோடையில் குளம் வெறிச்சென்று கிடப்பது இயல்பு. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் குளிர்காலத்தில் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போய் வரலாம். 2022-இல் பறவைகள் சரணாலயமான அந்தக் குளம், 2024-இல் ராம்சர் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) இடம்பெற்றது.

குளத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புபவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பேன். நாம் காடு என்று சொல்லும் மானாவாரி நிலமும் மேய்ச்சல் புல்வெளியும் ஆண்டு முழுவதும் பார்க்கத்தக்கவை. குளிர்கால மாலையில் புல்நுனியை உரசுவதுபோல் தாழப் பறப்பது பூனைப்பருந்து; இரவில் அது புல்லுக்குள் தரையிலேயே தங்கும். அறுத்த சோளக்காட்டில் சாம்பல்தலை வானம்பாடியைத் தேடுங்கள். ஆண் பறவை படபடவென்று மேலே ஏறும், சிறகை மூடிக்கொண்டு விசிலடித்தபடி தலைகீழாக விழும், தரையைத் தொடுமுன் மறுபடி எழும்பும். கோடை வந்தால் ஆள்காட்டியின் முறை. வெறுந்தரையில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி இருக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. செம்மூக்கு ஆள்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். அது கத்திக்கொண்டு உங்கள் தலைக்கு மேல் சுற்றினால் கூடு அருகில் என்று பொருள். நின்று, வந்த தடத்திலேயே திரும்புங்கள். தாய் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும். குஞ்சு தனியாகப் படுத்திருந்தால் தூக்கி வர வேண்டாம். ஆபத்து என்றால் அசையாமல் படுப்பது அதன் தற்காப்பு. தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? கோடையில் தண்ணீர் சுண்டிய குளத்தில் பல பறவைகள் ஒரே சமயத்தில் கழுத்துத் துவண்டு, பறக்க முடியாமல் கிடந்தால் அது பொட்டுலிசமாக (அழுகல் பொருளில் பெருகும் பாக்டீரியா நஞ்சால் வரும் வாதம்) இருக்கலாம். வேறு நோயாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் பறவைக் காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். கையால் தொடாமல், நாயை அண்டவிடாமல், வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் தகவல் சொல்லுங்கள். சோதித்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

கருவி விஷயத்தில் 8×42 பைனாகுலர் போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் நம்மூர் ஆடிக்காற்றில் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும். காலையில் கிழக்குக் கரையில், மாலையில் மேற்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் விழும், பறவையின் நிறம் தெளியும். பெயர், எண்ணிக்கை, நேரத்தோடு அன்றைய தண்ணீர் அளவையும் நோட்டில் குறியுங்கள். பிந்தையதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இந்த ஆண்டையும் போன ஆண்டையும் ஒப்பிடுவது வீண். குறித்ததை இபேர்டு (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) தளத்தில் ஏற்றலாம். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு நல்ல வாய்ப்பு.

பறவைகளை வரவழைக்கும் குறுக்குவழிகள் வேண்டாம். பொரியும் ரொட்டியும் இறைத்தால் தண்ணீர் கெடும், நாய்கள் கூடும். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால், எதிரி நுழைந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டுப் பறந்து வரும். எல்லாவற்றையும்விடக் கேடானது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது: மேய்ச்சல் நிலத்தைச் சும்மா கிடக்கும் நிலம் என்று எண்ணி மரக்கன்று நடுவது. மரம் எழுந்தால் வானம்பாடியும் ஆள்காட்டியும் அங்கே கூடு வைக்காது. உங்கள் ஊர்ப் புல்வெளிக்குக் கன்றுகளோடு யாராவது கிளம்பினால், நீங்கள் எடுத்த ஓராண்டுப் பறவைக் கணக்கைக் காட்டி, பள்ளி வளாகத்தையோ சாலையோரத்தையோ கைகாட்டி விடுங்கள்.