தை, மாசியில் மேற்குச் சரிவு: மலையகத்தில் சைக்கிள் மிதிப்போருக்கு

தை பிறந்துவிட்டது. மலையகத்தில் சைக்கிள் ஓட்ட நினைப்பவர்கள் இந்த இரண்டு மாதத்தையும் ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெலிமடை, கந்தப்பளை, இராகலை, வலப்பனைப் பாதைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

காரணம் மலைதான். பிதுருதாலகாலையும் ஹோட்டன் சமவெளியும் சேர்ந்த நடுமலைத் தொடர் மழையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மார்கழி முதல் மாசி வரை வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட குளிர்காற்றாக மேற்கே இறங்கும். வைகாசிக்குப் பிறகு இது அப்படியே தலைகீழாகும். தேயிலைக்காரர்கள் இதை நீண்ட காலமாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். மேற்குச் சரிவில் உள்ள டிம்புள்ளப் பகுதித் தேயிலைக்குத் தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்குச் சரிவில் உள்ள ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், மணம் செறியும். அதே காற்றுதான் தார் வீதியையும் காயவைக்கிறது. எந்தச் சரிவில் நல்ல தேயிலை எடுக்கிறார்களோ அந்தச் சரிவில் சைக்கிளை ஓட்டுங்கள். இதைவிட நம்பகமான நாட்காட்டி எனக்குத் தெரியாது.

கிழக்குப் பக்கம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளைக் குலைத்துப் போட்டது. நாடு முழுவதும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு நீர் குடித்துத் தளர்ந்த மண் ஒரு சாதாரண மழைக்கும் நகரக்கூடும். மேற்கிலும் எல்லாச் சரிவும் உறுதியாக நிற்கிறது என்று எண்ணவேண்டாம். புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தங்கியிருக்கும் ஊரில் விசாரித்த பிறகே கிளம்புங்கள். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் அன்றைக்குச் சைக்கிளை வெளியே எடுக்கவே கூடாது. வீதியில் புதிய வெடிப்பு, மேட்டிலிருந்து திடீரென வரும் கலங்கல் நீர், சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவற்றைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கான 1990 இரண்டையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா போகும் பாதையையே சொல்வேன். 1,200 மீற்றர் உயரத்தை ஒட்டியே போகும். ஏற்ற இறக்கம் இருந்தாலும் மூச்சை முறிக்காது. காசல்ரீ நீர்த்தேக்கம் வளைவுக்கு வளைவு கூடவே வரும், எதிரே சிவனொளிபாதமலை எழுந்து நிற்கும். கடற்கரைச் சாலையில் வரும் களிப்பு அத்தனையும் இங்கே உண்டு. அலைகளுக்குப் பதில் தேயிலை வரிசைகள். மாசிக் கடைசியில் போனால் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் மட்டத்தைக் கவனியுங்கள். 1969இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் மூழ்கியது. நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பழைய கோயிலின் இடிபாடுகள் வெளியே தெரியும். அங்கே இறங்கி நின்று பாருங்கள். சேற்றுக்குள் மட்டும் இறங்கவேண்டாம்.

ஆனால் இது யாத்திரைக் காலமும் கூட. உந்துவப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்களும் வான்களும் இந்தப் பாதையில்தான் இரவு முழுவதும் ஓடுகின்றன. விடிகாலையில் திரும்பும் வண்டியின் சாரதிக்குத் தூக்கம் கண்ணில் நிற்கும். சனி, ஞாயிறு, போயா தினங்களைத் தவிர்த்து வாரநாளில் போங்கள்.

இரண்டாவது, தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனை. பிரதான வீதியை விட்டு விலகியதும் வாகனம் குறைந்துவிடும். ஹட்டனிலிருந்தே வருபவர்கள் கொட்டகலை தாண்டியதும் டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளை வீதியிலிருந்தே பார்க்கலாம். நுவரெலியாவிலிருந்து வருபவர்கள் நானுஓயா – ரதல்லை குறுக்கு வீதியில் மட்டும் இறங்காதீர்கள். 2023 ஜனவரியில் அங்கே ஒரு பஸ் கட்டுப்பாட்டை இழந்து ஏழு பேர் உயிரிழந்தனர். சுற்றிப் போகும் பழைய வீதி நீளம்தான். அந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இறம்பொடை இறக்கத்துக்கும் இதையே சொல்கிறேன்: 2025 மே மாதம் கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பிரேக் சூடேறிய கனரக வாகனம் பின்னால் வந்துகொண்டிருக்கும் வளைவில் சைக்கிள்காரனுக்கு ஒதுங்க இடமில்லை.

யாழ்ப்பாணத்தைப் போல வீட்டுக்கு வீடு சைக்கிள் இருக்கும் ஊரல்ல மலையகம். வளைவு திரும்பினால் சைக்கிள் இருக்கும் என்று இங்கே எந்தச் சாரதியும் எதிர்பார்ப்பதில்லை. பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், பகலிலும் முன்பின் விளக்கை எரியவிடுங்கள். பழுது பார்க்கும் கடையும் அருகில் கிடைக்காது. மாற்று டியூப், பம்ப், செயின் இணைக்கும் கருவி, ஒரு சோடி பிரேக் கட்டை உங்களிடமே இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விடுங்கள். தொடர்ந்து பிடித்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். நிழல் விழுந்த ஈர வளைவில் பிரேக் தாமதித்தே பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நுவரெலியாவில் தங்குபவர்கள் எட்டு மணிக்கு முன் கிளம்பாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் தெளிந்த தை இரவுகளில் பூப்பனி விழும். புல் வெளுத்திருக்கும் காலையில் பாலங்களின் மேல் டயர் வழுக்கும். ஹட்டன் பக்கம் ஆறரைக்கே புறப்படலாம்.

தோட்டத்துக்குள் போகும்போது ஒன்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். அந்த வீதி மக்களின் நடைபாதை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்களும் ஏழரைக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், நண்பகலில் கொழுந்து நிறுக்க வருபவர்களும் அதில்தான் நடக்கிறார்கள். தலையில் கொழுந்துச் சுமையோடு இறங்கும் அக்காவால் சட்டென்று ஒதுங்க முடியாது. நீங்கள்தான் இறங்கி வழிவிட வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். "அண்ணே, இந்த ரோடு எங்கே போய் முடியுது?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த மலையில் குளவி கலைந்திருக்கிறது, எங்கே சிறுத்தை நடமாட்டம் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தியாக வந்து சேரும். காய்ந்த மானாப்புல் இப்போது ஒரு பொறிக்கே பற்றும். சிகரெட் துண்டு, அடுப்பு எதுவும் வேண்டாம்.

பங்குனியில் மாலை இடி தொடங்கும். ஒரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். சித்திரையில் வசந்தகாலக் கூட்டம் நுவரெலியா வீதிகளை அடைத்துக்கொள்ளும், அந்த மாதம் நகரத்தைத் தவிர்ப்பதே நல்லது. வைகாசியில் தென்மேல் மழை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இறங்கியதும் மேற்கை மூடிவிட்டு, ஆடி, ஆவணிக்கு வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளையைத் திட்டமிடுங்கள். அதற்குள் அங்கே புயலில் சேதமான வீதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் விசாரித்து வையுங்கள்.