ஸ்வரமும் சாகித்தியமும் ஒரே பக்கத்தில்

ஒரு கீர்த்தனையைப் பற்றிக் கட்டுரை எழுதி, நடுவே ஸ்வரக் குறிப்பையும் சேர்க்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மேலே ஸ்வர வரி, கீழே சாகித்திய வரி. இரண்டும் நேராக நிற்பதற்காக ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் கணினியில் அழகாகத்தான் இருக்கும். எழுத்துருவை மாற்றினாலோ, வேறொருவர் திறந்து பார்த்தாலோ, எந்த எழுத்து எந்த ஸ்வரத்துக்கு என்று தெரியாமல் எல்லாம் கலைந்துவிடும். தமிழில் ‘ர’வின் அகலம் வேறு, ‘நி’யின் அகலம் வேறு. இடைவெளி விட்டு இவற்றை வரிசையில் நிறுத்தவே முடியாது. டேப் அடிப்பதும் அரைகுறை வைத்தியம்தான். அட்டவணை போடுங்கள். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

அதற்கு முன் சில சின்ன வேலைகள். வேர்டோ, லிப்ரே ஆபிஸ் ரைட்டரோ, கைக்குப் பழகியது எதுவானாலும் சரி. எழுத்துரு மட்டும் யூனிகோடாக இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்ததை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். உரைநடைக்கு ஒன்று, ஸ்வரத்துக்கு ஒன்று, சாகித்தியத்துக்கு ஒன்று என்று மூன்று ஸ்டைல்கள் போதும். ராகம், தாளம், இயற்றியவர், ஆரோகண அவரோகணம் ஆகியவை தலைப்பின் கீழே வந்துவிடட்டும். ரி1, க3 என்ற எண்களும் அங்கே மட்டும்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எண் போட்டால் பாடுகிறவர் கண் எண்ணில்தான் நிற்கும்.

இனி அட்டவணை. ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். ஆதி தாளத்தில் 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 ஸ்வரம் என்றால் ஆவர்த்தனத்துக்கு 32 கட்டம் வேண்டும். நெட்டுவாக்கில் வைத்த ஏ4 தாளில் அத்தனையும் ஒரு வரியில் அடங்காது. லகுவின் 16 ஒரு வரி, இரண்டு துருதங்களின் 16 அடுத்த வரி என்று பிரியுங்கள். தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இருபுறமும் 2 விட்டால் மிச்சம் 17. கட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். கட்டத்தின் உள்ஓரத்தைப் பூஜ்யமாக்கி, எழுத்தை நடுவில் நிறுத்தினால் 12 புள்ளி அளவில் தாராளமாக அமரும். ரூபகத்துக்கு 12 கட்டம், மிச்ர சாபுவுக்கு 14.

நீளும் ஸ்வரத்துக்கு அடுத்த கட்டத்தில் காற்புள்ளி. அரைப்புள்ளி வேண்டாம், கட்டமே ஒரு மாத்திரைக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், விட்டுப்போனதாக நினைத்துவிடுவார்கள். சாகித்திய வரியில் உயிர் நீளும் இடத்துக்கு ஒற்றைப் புள்ளி. ஒற்றெழுத்து முன் எழுத்தோடு போகும்: ‘கந்தா’ என்றால் ஒரு கட்டத்தில் ‘கந்’, அடுத்ததில் ‘தா’. ஒரு கட்டத்தில் இரண்டு ஸ்வரம் துரிதமாக வந்தால் மேலே கோடு வேண்டும். அதை எழுத்தின் மீது போடாமல் கட்டத்தின் மேல் விளிம்புக் கோடாகப் போடுங்கள். எழுத்தின் மேலிருக்கும் ஸ்தாயிப் புள்ளியோடு அது மோதாது.

மிகவும் படுத்துவது இந்த ஸ்தாயிப் புள்ளிதான். தார ஸட்ஜத்துக்கு ‘ஸ’ மேல் புள்ளி வேண்டும் என்று பலர் மெய்யெழுத்துப் புள்ளியையே தட்டிவிடுகிறார்கள். ‘ஸ்’ பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ‘ரி’க்கும் ‘நி’க்கும் அதே வித்தையைச் செய்யும்போது புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று முளைக்கும். சரியான வழி, எழுத்தை அடித்து அதை ஒட்டியே 0307 என்று தட்டி ஆல்ட்டோடு எக்ஸை அழுத்துவது. மேல் புள்ளி வந்துவிடும். மந்திர ஸ்தாயியின் கீழ்ப் புள்ளிக்கு 0323. ஏழு ஸ்வரங்களுக்கும் மேலும் கீழுமாக 14 வடிவங்களை ஒருமுறை செய்து ஆவணத்தின் தலையில் வைத்துக்கொண்டால் பிறகு நகலெடுத்து ஒட்டினால் போதும். சில எழுத்துருக்களில் புள்ளி பக்கத்தில் நழுவும். அந்த 14 வடிவங்களையும் பார்த்துவிட்டே எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ்99 விசைப்பலகைக்காரர்களுக்கு ஒன்று: ‘ப’வை இரண்டு முறை அடித்தால் அது தானாக ‘ப்ப’ ஆகிவிடும். இடையில் ‘அ’ விசையைத் தட்டினால் ‘பப’ கிடைக்கும். ஜண்டை வரிசை அடிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் முடியாது.

விளக்கத்தை எங்கே வைப்பது? 1904இல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைப் பாருங்கள். ராக லட்சணம் முதலில் உரையாக வருகிறது, பிறகுதான் கமகக் குறிகளோடு ஸ்வரப்படுத்திய உருப்படிகள். அதே முறைதான் நமக்கும். ஒரு சங்கதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அட்டவணை முடிந்தபின் சொல்லுங்கள். ஆவர்த்தனத்தின் நடுவே உரையை நுழைக்காதீர்கள். கமகக் குறி வேண்டுமென்றால் ஸ்வர வரிக்கு மேல் மெல்லிய மூன்றாவது வரி ஒன்று சேர்க்கலாம்.

கடைசியாகக் கோடுகள். துரித ஸ்வரங்களின் மேல் விளிம்புக் கோட்டைத் தவிர மற்ற எல்லாக் கட்டக் கோடுகளையும் மறைத்துவிட்டு, லகு முடிவிலும் துருத முடிவிலும் செங்குத்துக் கோடு ஒன்று, ஆவர்த்தன முடிவில் இரட்டைக் கோடு என்று மட்டும் வையுங்கள். ஸ்வர வரியின் பத்தி அமைப்பில் ‘அடுத்ததோடு சேர்ந்திரு’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஸ்வரம் ஒரு பக்கத்தின் அடியிலும் சாகித்தியம் அடுத்த பக்கத்தின் தலையிலும் போய் நிற்கும்.

மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறிப்பு வேண்டுமானால் மியூஸ்ஸ்கோரில் எழுதி எஸ்விஜியாக எடுத்து ஒட்டுங்கள். பெரிதாக்கினாலும் கோடு மங்காது. கையால் எழுதியதைப் படமெடுத்து ஒட்டுவதை மட்டும் தவிருங்கள். ஒரு ஸ்வரம் தவறானாலும் திருத்த முடியாது, தேடினாலும் கிடைக்காது.

மாணவர்களுக்கு அனுப்புவது பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். மூலக் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் கைபேசி அட்டவணையைத் தன் இஷ்டத்துக்கு மடிக்கும். அனுப்புமுன் வேறொரு கைபேசியில் திறந்து, தாளம் போட்டபடி ஒரு ஆவர்த்தனம் பாடிப் பாருங்கள். கட்டம் விட்டுப்போயிருந்தால் கை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.