சாரணர் முகாம்: முதல் மூன்று நாட்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே தங்கப்போகும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு, கோடை முகாமின் முதல் மூன்று நாட்கள்தான் கடினம். சாப்பாடு, தூக்கம், துணி, கழிப்பறை என்ற நான்கும் பழகிவிட்டால் மீதி நாட்கள் உற்சாகமாக ஓடிவிடும். ஏற்காடு போன்ற மலையில் கூடாரம் அடித்துத் தங்கும் சாரணர், சாரணியர் படைகளை மனத்தில் வைத்து, பெற்றோருக்கும் சாரண ஆசிரியர்களுக்குமாக எழுதிய குறிப்புகள் இவை.

புறப்படும் முன்

1. பையைப் பிள்ளையே அடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை மட்டும் வாசியுங்கள். அடுக்கி முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, "டார்ச்சை எடு, ஸ்வெட்டரை எடு" என்று சொல்லிப் பாருங்கள். இருட்டில் கை நேராகப் போய் எடுத்தால் பை சரியாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

2. ஒரு நாளைக்கு ஒரு கவர் என்று பிரியுங்கள். சட்டை, கால்சட்டை, உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் ஒரே கவரில் இருக்க வேண்டும். அழுக்குத் துணியும் அதே கவருக்குள் திரும்பப் போகட்டும். பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடும் வேலை இருக்காது.

3. எல்லோருக்கும் ஒரே நிறச் சீருடை, ஒரே மாதிரித் தட்டு. ஆகவே துணிகளில் அழியாத மார்க்கரால் பெயர் எழுதுங்கள். தட்டு, டம்ளருக்குப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள். சாக்ஸையும் துண்டையும் மறந்துவிட வேண்டாம். அதிகம் காணாமல் போவது அவைதான்.

4. முகாமுக்கு முந்தைய வாரம் வீட்டிலேயே ஒத்திகை நடக்கட்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பது, படுக்கையைச் சுருட்டிக் கட்டுவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, தன் பனியனைத் தானே துவைப்பது. இந்த நான்கும் தெரிந்த பிள்ளை முகாமில் யாரையும் எதிர்பார்த்து நிற்காது.

5. மாத்திரைகளைத் தனிக் கவரில் போட்டு, பெயர், அளவு, வேளை எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே இருக்க வேண்டும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் இருந்தால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லி, மாற்று விரிப்பு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். பெண் பிள்ளைகள் இன்னும் வயதுக்கு வராவிட்டாலும், நாப்கின் வைத்து, அதைப் பயன்படுத்தும் முறையையும் சொல்லி அனுப்புங்கள்.

6. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வயிறு முட்டவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். குமட்டும் பிள்ளையை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வாயில் அடக்கிக்கொள்ள உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்று கொடுத்தால் இதமாக இருக்கும்.

முதல் நாள்

7. கூடாரம் அடிக்கும் முன் முதலில் மேலே பாருங்கள். பட்டுப்போன கிளை, காய்த்துத் தொங்கும் பலா, தென்னை இருந்தால் அந்த இடம் வேண்டாம். பிறகு கீழே பாருங்கள். எறும்புப் புற்று, பள்ளம், காய்ந்த ஓடை இருந்தாலும் வேண்டாம். மே மாத மாலை மழை அரை மணி நேரத்தில் பள்ளத்தைக் குளமாக்கிவிடும். தரை லேசாகச் சரிந்திருந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி படுக்கட்டும்.

8. பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் இறுகும், முளையையே பிடுங்கிவிடும். ஆகவே படுக்கப் போகும் முன் அவற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். நைலான் கயிறோ நனைந்தால் தொய்யும். மழை விட்டதும் அதை இழுத்துக் கட்டுங்கள்.

9. இடிச் சத்தம் கேட்டவுடன் மரத்தடியிலோ கூடாரத்துக்குள்ளோ ஒதுங்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளோ, கூரையுள்ள வண்டிக்குள்ளோ எல்லோரும் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம்.

10. வெளிச்சம் இருக்கும்போதே கழிப்பறைக்கு எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இடம் புதிது என்று கூச்சப்பட்டுப் பலர் அடக்கிக்கொள்வார்கள். அதற்காகத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் தலைவலி, வயிற்றுவலி பெரும்பாலும் இதனால் வருவதுதான். இரவில் இருவர் இருவராகப் போகும்படி ஜோடி சேர்த்துவிடுங்கள். குழி வெட்டுவதானால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

முதல் இரவு

11. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் தரையிலிருந்து ஏறும். ஆகவே மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிடக் கீழே ஒன்றைக் கூடுதலாக விரிப்பது நல்லது. தார்ப்பாய், அதன்மேல் செய்தித்தாள், பாய், ஜமக்காளம் என்ற வரிசை போதும். பகலில் வியர்வையில் ஊறிய பனியனையும் சாக்ஸையும் மாற்றிய பிறகே படுக்க வேண்டும்.

12. வீட்டு நினைவு விளக்கணைத்த பிறகுதான் வரும். அழும் பிள்ளையைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். மறுநாள் காலை அணிக்குத் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். தன்னை நம்பி ஒரு வேலை இருக்கிறது என்ற எண்ணம் நன்றாகத் தேற்றும். பெற்றோர் தினமும் போன் செய்வதைவிட, "இரண்டாம் இரவு பிரி" என்று மேலே எழுதிய கடிதம் ஒன்றைப் பையில் வையுங்கள். "பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிப்போகிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அப்படிச் சொன்னால் பிள்ளை பழக முயலாமல் உங்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும்.

13. ஷூவைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்து, வாயைச் சாக்ஸால் அடைத்து வையுங்கள். காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடட்டும்; தேள் ஒளிய விரும்பும் இடம் அது. பாம்பு கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட பிள்ளையை நடக்க விடாமல், அசைக்காமல் வைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

சமையல்

14. முதல் நாள் மாலை கூடாரம் அடிக்கவே பொழுது போய்விடும். அன்று இரவுக்கு வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. மறுநாள் காலை உப்புமா, மதியம் சாம்பார் சாதம் என்று எளிதாகத் தொடங்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று கணக்கிடலாம். மிஞ்சிய சோற்றை மறுவேளைக்கு வைக்க வேண்டாம்.

15. விறகு அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் பாத்திரச் சோப்பைக் குழைத்துப் பூசிவிடுங்கள். கரி சோப்பின் மேல்தான் படியும். தேய்க்கும்போது சுலபமாகக் கழன்றுவிடும்.

16. மறுநாள் காலைக்கு வேண்டிய சுள்ளியை முந்தின மாலையே பொறுக்கி, தார்ப்பாய்க்கு அடியில் வையுங்கள். தீப்பெட்டியை மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். அடுப்பை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. கோடையில் காய்ந்த காட்டுக்கு ஒரு பொறி போதும்.

17. குடிநீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் ஆன பிறகே இறக்குங்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டால், மண்ணில் விழாது. கை கழுவ மறந்தவர்களுக்கும் கண்ணில் படும்.

மூன்றாம் நாள்

18. ஒரே கயிற்றை இரண்டாக மடித்து முறுக்கிக் கொடி கட்டுங்கள். முறுக்குக்கு இடையில் துணியின் நுனியைச் செருகினால் கிளிப் இல்லாமலே காற்றில் பறக்காது. சாக்ஸ் தினமும் காயட்டும். ஈரச் சாக்ஸால்தான் விரலிடுக்கில் புண் வருகிறது.

19. இன்றிலிருந்து பெரியவர்கள் ஓர் அடி விலகி நில்லுங்கள். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். சமையல், தண்ணீர், துப்புரவு முறைகளை அணித் தலைவரே பிரித்துக் கொடுக்கட்டும். உப்புமா கொஞ்சம் அடிப்பிடிக்கலாம், கொடி ஒரு பக்கம் சாயலாம். கரண்டியைப் பிடுங்காதீர்கள். ஆபத்து வரும் இடத்தில் மட்டும் குறுக்கிடுங்கள். தன் கையால் சமைத்து, தன் அணிக்குப் பரிமாறிய பிள்ளைக்கு, வீட்டிலும் அந்த வேலையைச் செய்ய நம்மால் முடியும் என்ற துணிவு வந்துவிடும். முகாமுக்கு அனுப்புவதே அதற்காகத்தான்.