கோபத்துக்கும் இங்கிலீஷ் வேணும், தங்கச்சி!

மீட்டிங், மெயில், ரிப்போர்ட் என்று வேலைக்கு வேண்டிய இங்கிலீஷை நீ எப்படியும் பிடித்துக்கொள்வாய். ஹாஸ்டல் ரூம்மேட்டோடு மனஸ்தாபம், டீம் லீடர் மேல் ஆத்திரம் என்று வரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்.

முதலில் கோபத்தை அளக்கப் பழகு. எல்லாவற்றுக்கும் 'ஆங்ரி' போடாதே. ரூம்மேட் கேட்காமல் உன் சீப்பை எடுத்தாள் என்றால் 'அனாய்ட்', அவ்வளவுதான். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் கேலி பேசினாள் என்றால் 'ஹர்ட்'. நாலு தடவை கேட்டும் லீவுக்குப் பதில் வராத கடுப்பு 'ஃப்ரஸ்ட்ரேட்டட்'. 'ஃபியூரியஸ்' கொதித்துப்போன அன்றைக்கு மட்டும். மேனேஜர் மெதுவான குரலில் 'ஐ ஆம் டிசப்பாயின்டட்' என்றால் நிம்மதியாகிவிடாதே. சில சமயம் அது திட்டைவிடக் கனமானது.

'என் மேல் கோபம்' என்கிற பழக்கத்தில் 'ஆங்ரி ஆன் மீ' என்று வந்துவிடும். 'ஆங்ரி வித் மீ'தான் சரி. விஷயத்தைச் சொல்லும்போது 'ஆங்ரி அபவுட்'. கல்யாணத்துக்கு 'மேரீட் டு', 'வித்' கிடையாது. அப்புறம், உனக்குப் போரடித்தால் 'ஐ ஆம் போர்ட்'. 'ஐ ஆம் போரிங்' என்றால் நீதான் அறுவை என்று நீயே ஒப்புக்கொண்டதாக ஆகும்!

லண்டன் டீமோடு பேசும்போது சில வார்த்தைகளில் உஷார். நம்மூரில் காதலைச் சொன்னாலே 'ப்ரொபோஸ் பண்ணிட்டான்' என்கிறோம். அங்கே அது 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா' என்று கேட்பது. 'அஃபேர்' என்றால் பெரும்பாலும் கள்ள உறவு, காதலிக்கிற தோழியைப் பற்றி அப்படிச் சொல்லிவைக்காதே. 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால் தாங்கள் சொன்னதை நீ நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'எ கொஸ்டின்' போதும். 'ஃபைட்' அடிதடியாகவும் காதில் விழலாம், வாய்ச்சண்டைக்கு 'ஆர்க்யுமென்ட்' பாதுகாப்பு. நாத்தனார், ஓரகத்தி, அண்ணி, கொழுந்தியாள் எல்லோரும் அங்கே ஒரே 'சிஸ்டர்-இன்-லா'தான். 'கோ-சிஸ்டர்' என்றால் விழிப்பார்கள்.

இனி நிஜமான சண்டை. 'யூ ஆல்வேஸ்', 'யூ நெவர்' என்று ஆரம்பித்தாயோ, போன வருஷக் கணக்கெல்லாம் வெளியே வரும். நடந்த ஒன்றை மட்டும் சொல்: 'ஐ ஃபெல்ட் ஹர்ட் வென் யூ லாஃப்ட் அட் மீ.' இதில் ஒரு தந்திரமும் உண்டு, அதில் மாட்டிக்கொள்ளாதே. 'ஐ ஃபீல் யூ ஆர் செல்ஃபிஷ்' என்பதில் 'ஃபீல்' இருக்கிறதே தவிர உணர்ச்சி இல்லை, சுத்தமான திட்டு.

மன்னிப்பிலும் இதே வேலை நடக்கும். 'சாரி இஃப் யூ ஃபெல்ட் பேட்' மன்னிப்பே இல்லை. 'தப்பு உன் மனசில்தான்' என்று எதிராளி தலையில் கட்டுவது. 'ஐ ஆம் சாரி ஐ ஷவுட்டட் அட் யூ' என்று செய்ததைப் பெயர் சொல்லிக் கேள். அதோடு 'பட்' போட்டு நீட்டாதே.

கடைசியாக, இன்ஸ்டாவில் எல்லோர் வாயிலும் புரளும் 'காஸ்லைட்டிங்'. பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய 'காஸ் லைட்' நாடகத்திலிருந்து வந்தது. மனைவிக்குத் தன் புத்தி மேலேயே சந்தேகம் வரும்படி கணவன் திட்டமிட்டு ஆட்டிவைக்கிற கதை. 1944-இல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்து ஹாலிவுட் படமாகவும் வந்தது. 2022-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த வருஷத்தின் வார்த்தையாக இதைத் தேர்ந்தெடுத்தது. அத்தனை கொடுமைக்கு வைத்த பெயர் இது. பால் வாங்க மறந்த ரூம்மேட் 'நீ சொல்லவே இல்லையே' என்று ஒரு தடவை சமாளித்ததற்கெல்லாம் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடாதே.