நீல விளக்கு தாலாட்டு பாடாது

"நீல நைட் லாம்ப் போடுங்க, மனசு அமைதியாகும், தூக்கம் சொக்கும்." உடலியங்கியல் பாடம் நடத்துகிற எனக்கே இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மறுத்தால், "ரயில்லயே நீலம்தானே வச்சிருக்கான்?" என்று மடக்குகிறார்கள்.

நள்ளிரவில் எழுகிறவர் யார் காலையும் மிதிக்காமல் கழிப்பறைக்குப் போய்வரத்தான் அந்த விளக்கு. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்பைவிட நீலம் எடுப்பாகத் தெரியும். கண்ணில் எடுப்பாகப் படுவது எப்படி ஐயா தூக்க மருந்தாகும்?

விழித்திரையின் கேங்ளியான் செல்களில் சில தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதே இவற்றின் முக்கிய வேலை. மனிதக் கண்ணிலும் இவை உண்டு. இவற்றிலுள்ள மெலனாப்சின் நிறமியை அதிகம் தூண்டுவது ஏறக்குறைய 480 நானோமீட்டர் ஒளி. அதாவது, சாட்சாத் நீலம். போதிய வெளிச்சத்தோடு அது பட்டால் 'பகல்' என்று சேதி போகும், தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு குறையும். பார்வையை முற்றிலும் இழந்த சிலருக்கும் ஒளி பட்டு மெலட்டோனின் குறைந்தது 1995இலேயே பதிவாகியிருக்கிறது. நீலம் மனதுக்கு இதம் என்பீர்கள், இருக்கட்டும். மெலட்டோனினைச் சுரக்கும் பீனியல் சுரப்பி உங்கள் ரசனையைக் கேட்பதில்லை.

மூலையில் மினுக்கும் ஜீரோ வாட்ஸ் பல்பு தூக்கத்தைக் கெடுத்துவிடும் என்றும் சொல்லவில்லை. அதற்கு அவ்வளவு வெளிச்சமில்லை. மற்ற விளக்குகளை அணைத்தீர்கள், தூக்கம் வந்தது. பெயரை நீலம் தட்டிக்கொண்டு போகிறது.

"பச்சைக் குழந்தையையே நீல விளக்கில் வைக்கிறார்களே?" அது மஞ்சள் காமாலைக்கு. தோலிலுள்ள பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவுக்கு அந்த ஒளி மாற்றுகிறது. குழந்தையின் கண்ணை மூடிக் கட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? மற்ற நிறங்களைப் பற்றிய நம்பிக்கைகளும் இப்படித்தான். இளஞ்சிவப்பு அறை முரடனையும் சாதுவாக்கும் என்பது 1979இல் சியாட்டில் கடற்படைச் சிறையில் கிளம்பிய கதை. ஸ்விட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது வித்தியாசமே தெரியவில்லை. சிவப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும், பச்சை இறக்கும் என்கிற அட்டவணைகளுக்கு மை செலவழிக்க மாட்டேன்.

நைட் லாம்ப் நிறத்துக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் கூடத்து எல்.ஈ.டி. பல்பின் அட்டைப்பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்க்கக் கூடாதா? பெரும்பாலும் 6500 கெல்வின் என்றிருக்கும், அதாவது நீலம் தூக்கலான வெள்ளை. "பளிச்சுனு இருக்கும் சார்" என்று கடைக்காரர் தலையில் கட்டியது அது. படுக்கப் போகும்வரை அதன் கீழேதான் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. 2700 அல்லது 3000 கெல்வின், வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு மேல் கூடத்தில் ஒரு விளக்கு போதும்.