காத்திருக்கும் நாட்களில் ஸ்தோத்திரம்

தியானப் பகுதி: யாக்கோபு 5:7–11, சங்கீதம் 13, 1 தெசலோனிக்கேயர் 5:16–18



தேவதானம், சேத்தூர் பக்கத்து வயல்களில் நாற்று நட்ட விவசாயி, மேற்கு மலையை ஏறிட்டுப் பார்த்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். மலையில் மழை இறங்கினால்தான் ஓடையில் நீர் வரும்; கண்மாய் நிறையும். அந்த மழையை அவரால் வரவழைக்க இயலாது. மருத்துவமனையில் காத்திருக்கும் நம் நிலையும் இதுவே. பரிசோதனை முடிவுக்காகவும், காய்ச்சல் தணிவதற்காகவும், வீடு திரும்பும் நாளுக்காகவும் காத்திருக்கிறோம். இவற்றுள் எதுவும் நம் கையில் இல்லை.

1. பொறுமை என்பது சும்மா இருப்பதன்று

பொறுமைக்கு உதாரணமாக யாக்கோபு நம்முன் நிறுத்துவது ஒரு பயிரிடுகிறவரைத்தான். அவர் முன்மாரியையும் பின்மாரியையும் எதிர்பார்த்து நீடிய பொறுமையோடு காத்திருக்கிறார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. வரப்பைச் சீர்செய்கிறார், களை எடுக்கிறார், மடையைப் பார்த்துவருகிறார். மழை தேவனுடையது, வரப்பு அவருடையது. நமக்கும் ஒரு வரப்பு உண்டு. வேளைக்கு மருந்து உட்கொள்வதும், வலியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வதும், சொல்லப்பட்ட பயிற்சியைச் செய்வதும் விசுவாசக் குறைவல்ல; அவையும் பொறுமையின் கிரியைகளே.

2. புலம்பலுக்கும் இடம் உண்டு

"விசுவாசி கண்ணீர் விடலாகாது" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும், எதுவரைக்கும் என்ற கேள்வியைத் தாவீது நான்கு முறை கேட்கிறார். அதே சங்கீதம் ஆறாம் வசனத்தில் துதியோடு முடிகிறது. கேள்வி துதிக்குத் தடையாக இல்லை. அதற்கு வழியாக இருந்தது. யாக்கோபு பொறுமைக்குச் சாட்சியாகக் காட்டும் யோபுவும் வாய்திறந்து புலம்பியவரே. எனவே, இரவில் உறக்கமின்றி "இன்னும் எத்தனை நாள் ஆண்டவரே?" என்று கேட்கிறவர் தேவனைவிட்டு விலகிப்போனவர் அல்லர்; அவரோடு பேசிக்கொண்டிருப்பவர்.

3. டோனாவூரில் ஓர் அறை

நம் ஊர்களுக்கு மேற்கே நிற்கும் இதே மலைத்தொடரின் தென்பகுதியில், அதன் அடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ஆபத்திலிருந்த குழந்தைகளை அங்கே காத்து வளர்த்தார். பிள்ளைகள் அவரை "அம்மா" என்றே அழைத்தனர். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், பணிக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றவர், அங்கே தோண்டப்பட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தார். நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 63. விரைவில் எழுந்து நடமாடுவார் என்று எல்லாரும் நம்பினர், ஜெபித்தனர். ஆனால் பழைய நலம் திரும்பவில்லை. 1951 ஜனவரி 18இல் அவர் மறையும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையிலேயே அவர் வாழ்க்கை கழிந்தது.

நோயுற்றவர்களுக்கென்று நலமுள்ளவர்கள் எழுதிய ஆறுதல் நூல்கள் அவருக்கு வந்தன. அவை தம் உள்ளத்தைத் தொடவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆகவே, நோயுற்ற ஒருவர் நோயுற்றவர்களுக்கு எழுதும் கடிதங்களாகத் தாமே எழுதினார். 1933இல் அவை நூலாயின. முட்செடியில் பூத்த ரோஜா என்பது அதன் தலைப்பின் பொருள். அவர் கேட்ட மாற்றம் கால்களுக்கு வரவில்லை. ஆயினும் அந்தப் படுக்கையிலிருந்து, அவர் முகம் அறியாத பல நோயாளிகளுக்கு ஆறுதல் சென்றது. இதைச் சொல்வது, வலி நல்லது என்பதற்காக அன்று. வலி மிகுந்த இடத்திலும் தேவன் கனி தரக்கூடும் என்பதற்காகவே.

4. எல்லாவற்றிலும்

அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, எல்லா நிலையிலும் இருந்துகொண்டு ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறார். நோயையே நன்மை என்று சொல்லும்படி அங்கே கேட்கவில்லை. நோயின் நடுவிலும் நம்மைவிட்டு அகலாத நன்மைகளைக் காணும்படி அழைக்கிறார். இரவெல்லாம் கட்டிலருகே தரையில் படுத்திருக்கும் மகள், பெயர் சொல்லி விசாரிக்கும் செவிலியர், ஊரிலிருந்து கஞ்சி கொண்டுவரும் அயலார் ஆகியோர் நம் கண்முன் இருக்கும் நன்மைகள்.

உடனிருந்து கவனிப்போருக்கும் ஒரு வார்த்தை. நோயாளியிடம் "நன்றியோடு இரு" என்று கட்டளையிடாதிருப்போம். நன்றி கட்டளையால் பிறப்பதில்லை. அருகே அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்போம். நாம் சோர்ந்துபோனால், அதையும் ஒருவரிடம் சொல்வோம், சற்று இளைப்பாறுவோம். நோயாளிக்கோ நமக்கோ மனச்சோர்வு நாட்கணக்கில் நீடித்தால், அதை மருத்துவரிடம் தயங்காமல் தெரிவிப்போம்.

இந்த வாரம் நாம் செய்யத்தக்கவை

• இன்று நம் கையில் இருக்கும் "வரப்பு" எது? அதில் ஒன்றை இன்றே செய்வோம்.
• தேவனிடம் கேட்கத் தயங்கும் கேள்வி எது? அதை அப்படியே ஜெபமாக்குவோம்.
• உறங்குமுன், இன்று நமக்கு உதவிய ஒருவரை நினைவுகூர்வோம். இயன்றால் நாளை அவரிடம் நன்றி சொல்வோம்.

ஜெபம்

இரக்கமுள்ள ஆண்டவரே, நாங்கள் காத்திருக்கிறோம். சுகத்தைக் கேட்கிறோம், அது தாமதிக்கும்போது தளராத மனதையும் கேட்கிறோம். எங்கள் கண்ணீரையும் ஸ்தோத்திரத்தையும் ஒன்றாக ஏற்றுக்கொள்ளும். எங்களைப் பராமரிக்கும் கரங்களைப் பலப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.