தன்னைத் தான் காணல்

நம் முகத்தை நாமே காண ஆடி வேண்டும். நம் பேச்சை நாமே காணவோ எளியோர் கைக்கு எட்டும் ஆடி அண்மைக்காலம்வரை இருந்ததில்லை. ஆசிரியர் குறை சொல்லுவார். நாம் நம்புவோம், அல்லது மனத்துள் மறுப்போம்.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் பெயர்த்தி சென்ற ஆண்டு பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமானாள். தன் தந்தையின் கைக்கடிகாரத்தை வாங்கி அணிந்துகொண்டாள். அது நாடித் துடிப்பையும் காட்டுவது. மணிக்கட்டின்மீது பச்சை ஒளியை அது பாய்ச்சுகின்றது. குருதி அவ்வொளியை உறிஞ்சும் இயல்பினது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருக, மீளும் ஒளி குறைகின்றது. அவ்வேற்றத் தாழ்வைக் கொண்டு துடிப்பின் அளவைக் கடிகாரம் கணிக்கின்றது.

பேசத் தொடங்குமுன் அது 124 என்று காட்டிற்று. "தாத்தா, எனக்கு அச்சம் மிகுதி, இப்போட்டி எனக்கு ஆகாது" என்று கண் கலங்கினாள். மாடிப்படிகளை விரைந்து ஏறி இறங்கி வருமாறு சொன்னேன். அப்பொழுதும் ஏறத்தாழ அதே எண். "படிக்கு அஞ்சினாயோ அம்மா?" என்றேன், சிரித்துவிட்டாள். கருவி துடிப்பை எண்ணும். அஃது அச்சத்தால் வந்ததோ ஆர்வத்தால் வந்ததோ, அறியாது.

பின்னர்க் கைப்பேசியைச் சாளரத்திற் சாய்த்து வைத்துத் தன் பேச்சைத் தானே ஒளிப்பதிவு செய்தாள். பார்த்ததும், "இது என் குரலே அன்று" என்று அணைக்கப் போனாள். நம் குரலை நாம் செவி வழியாக மட்டுமன்றி மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கின்றோம். பதிவில் பின்னது இல்லாமையால் அது வேறாகத் தோன்றுகின்றது. இதனைச் சொல்லித் தேற்றி, ஒருமுறை ஒலியின்றிக் கைகளை மட்டும் பார்க்கவும், மறுமுறை கண்மூடிக் கேட்கவும் செய்தேன். மேலாடை நுனியை முறுக்கும் வலக்கையும், இரண்டாம் நிமிடத்தில் ளகரமாய்த் திரிந்த ழகரமும் அவளுக்கே புலப்பட்டன. (மாணவர்களே, இத்தகைய பதிவு உங்களுக்கு உரியது, ஊரார்க்கு அனுப்புதற்கு உரியதன்று.)

இம்முறை ஆசிரியர்க்கும் உண்டு. 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் நுண்ணிலைக் கற்பித்தலைத் தோற்றுவித்தனர். பயிற்சி ஆசிரியர் சில மாணவர்க்குச் சிறு பாடம் நடத்தி, அதன் பதிவைத் தாமே கண்டு, திருத்தி மீண்டும் நடத்துவர். நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளிலும் நுண்ணிலைக் கற்பித்தல் வழங்குகின்றது. வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்னும் அறிஞர், ஆசிரியர் வினவியபின் ஏறத்தாழ ஒரு நொடியே பொறுக்கின்றனர் என்றும், மூன்று நொடி பொறுப்பின் மாணவர் விடை நீள்கின்றது என்றும் 1974-இல் எழுதினார்.

நான் அவ்வாறு செய்பவனல்லேன் என்றே எண்ணியிருந்தேன். எனினும் பெயர்த்திக்கு ஆகுபெயர் கற்பித்தபொழுது என்னையும் பதிவு செய்யச் சொன்னேன். ஏழு வினாக்கள் வினவியிருந்தேன். அவள் இதழ் பிரியுமுன் ஆறனுக்கு நானே விடை கூறியிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் விடைகள் இவ்வாறு என் வாய்க்குள் மறைந்தனவோ! அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மீண்டும் கைப்பேசியை வைத்தோம். "‘ஊர் சிரித்தது’ என்னும் தொடரில் சிரித்தது யார்?" என்று வினவி, வாயை இறுக மூடிக்கொண்டேன். அச்சில நொடிகள் ஒரு நாழிகைபோல நீண்டன. ‘ஊரிலுள்ள மக்கள்’ என்னும் விடை என் நாவின் நுனியில் நின்றது.

அவள் நிமிர்ந்து, "அந்த ஊரில் சிரிக்காதவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டாரா, தாத்தா?" என்றாள்.